ஜெயிக்கும் அணியில் தடுமாறும் தலைவர்

(கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒரு கணக்குப் பாடம்)

2021 ஏப்ரல் 10, சனிக்கிழமை. கொரோனா இரண்டாம் அலை காரணமாக மகாராஷ்டிரத்தில் வார இறுதி ஊரடங்கு தொடங்கியிருந்த நேரம். அன்று மாலை வாங்கடே மைதானத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி டெல்லி அணியை எதிர்த்து விளையாடிற்று. மாட்டுங்காவில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய மைதானம்தான். ஆனால் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. தாராவியிலும் செம்பூரிலும் உள்ள நம்மவர்கள் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டு டி.வி. முன்னால்தான் உட்கார வேண்டியிருந்தது.

தோனி ஆட வந்தார். இரண்டாவது பந்திலேயே ஆவேஷ் கான் அவருடைய ஸ்டம்பைச் சாய்த்தார். ரன் பூஜ்யம். சென்னை அணி 7 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2020இல், சென்னை அணி எட்டு அணிகளில் ஏழாவதாக முடிந்திருந்தது. "தல"க்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகவே அந்தப் பூஜ்யத்தைப் பார்த்த ரசிகர்களுக்குக் கவலை வந்ததில் வியப்பில்லை. வியப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. அணி ஜெயிக்கத் தொடங்கிற்று. வாங்கடேயில் அடுத்து ஆடிய நான்கு ஆட்டங்களிலும் வெற்றி. ஆனால் தோனியின் மட்டை எழும்பவில்லை. அக்டோபர் 15ஆம் தேதி துபாயில் அணி கோப்பையைத் தூக்கியபோது, 16 ஆட்டங்களில் அவர் எடுத்திருந்த மொத்த ரன் 114.

தோற்கும் அணியைப் பற்றிக் கவலைப்படுவது எளிது. எல்லோரும் சேர்ந்து திட்டலாம். ஜெயிக்கும் அணியில், அதுவும் நாம் பெரிதும் விரும்பும் ஒருவர், தடுமாறும்போது வரும் கவலை வேறு வகை. வெளியே சொன்னால் நன்றி கெட்டவன் என்பார்கள். சொல்லாமல் விட்டால் மனம் உறுத்தும். "அதான் ஜெயிக்கிறோமே, பிறகென்ன?" என்று ஒருவர் கேட்பார். "இவரைச் சுமந்துகொண்டு எத்தனை நாள் ஜெயிப்பது?" என்று மற்றவர் கேட்பார். இருவரில் யார் சொல்வது சரி? இதைச் சண்டையாக இல்லாமல் பாடமாக எடுத்துக்கொண்டு பார்ப்போம். எட்டாம் வகுப்புக் கணக்குத் தெரிந்தால் போதும்.

1. இரண்டு அளவுகோல்கள்

மட்டையாளரை அளக்க இரண்டு கணக்குகள் வழக்கத்தில் உள்ளன.

முதலாவது சராசரி. எடுத்த ரன்களை, எத்தனை முறை அவுட் ஆனாரோ அந்த எண்ணால் வகுப்பது. எத்தனை முறை ஆடினார் என்பதால் அல்ல. 2021இல் தோனி 11 முறை ஆடினார். அதில் 4 முறை அவுட் ஆகவில்லை. ஆகவே 114ஐ 7ஆல் வகுக்க வேண்டும். விடை 16.28.

இரண்டாவது ஸ்ட்ரைக் ரேட், அதாவது வேகம். 100 பந்து ஆடினால் எத்தனை ரன் எடுப்பார் என்ற கணக்கு. 2021இல் தோனி சந்தித்த பந்துகள் 107. எனவே வேகம் சுமார் 106. அதற்கு முந்தைய ஐ.பி.எல். ஆண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அவருடைய வேகம் 130க்கு மேல். இருபது ஓவர் ஆட்டத்தில் கடைசி ஓவர்களில் இறங்குபவருக்கு 106 என்பது மிகவும் குறைவு.

மொத்த ரன்னை மட்டும் பார்ப்பவர் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார். மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்பதை அடுத்த பகுதி காட்டும்.

2. ஆறு ஆண்டுக் கணக்கு

தோனியின் ஆறு ஐ.பி.எல். ஆண்டுகளை வரிசையாக எழுதுவோம். முதலில் ரன், பிறகு அதற்கு ஆடிய பந்துகள், கடைசியில் அணி பெற்ற இடம்.

2018: 455 ரன், 302 பந்து. சென்னை சாம்பியன்.
2019: 416 ரன், 309 பந்து. இறுதியாட்டத்தில் மும்பையிடம் ஒரு ரன்னில் தோல்வி, இரண்டாம் இடம்.
2020: 200 ரன், 172 பந்து. ஏழாம் இடம்.
2021: 114 ரன், 107 பந்து. சாம்பியன்.
2022: 232 ரன், 188 பந்து. பத்து அணிகளில் ஒன்பதாம் இடம்.
2023: 104 ரன், 57 பந்து. சாம்பியன்.

கடைசி நான்கு வரிகளை மட்டும் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். தோனி 200 ரன்னுக்குக் குறையாமல் எடுத்த இரண்டு ஆண்டுகளில் அணி அடியில் கிடந்தது. அவர் நூற்றுச் சொச்சம் மட்டுமே எடுத்த இரண்டு ஆண்டுகளில் கோப்பை வந்தது. "அப்படியானால் தல அடிக்காமல் இருப்பதே ராசி" என்று சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் முதல் வரியைப் பாருங்கள். 2018இல் 455 ரன் எடுத்தார். அந்த ஆண்டும் கோப்பை வந்தது. அந்த இறுதியாட்டம் நம் வாங்கடேயில்தான் நடந்தது. ஆகவே ராசி என்ற பேச்சு நிற்காது.

காரணம் தலைகீழாக இருக்கிறது. பின்வரிசையில் ஆடுபவருக்கு எத்தனை பந்து கிடைக்கும் என்பதை முன்வரிசையில் ஆடுபவர்களே தீர்மானிக்கிறார்கள். முன்னால் உள்ளவர்கள் நின்று ஆடினால் பின்னால் இருப்பவருக்குப் பந்து மிஞ்சாது. முன்னால் சரிந்தால் அவர் சீக்கிரமே வந்து நீண்ட நேரம் ஆட வேண்டும்.

இதற்கு உதாரணம் 2022 மார்ச் 26, அதே வாங்கடே. சென்னை 61 ரன்னுக்கு 5 விக்கெட்டை இழந்துவிட்டது. தோனி நின்று 38 பந்தில் 50 ரன் எடுத்து அவுட் ஆகாமல் திரும்பினார். நீண்ட நாளைக்குப் பிறகு அரை சதம் என்று நாம் மகிழ்ந்தோம். ஆனால் அணியின் மொத்தம் 131. கொல்கத்தா 6 விக்கெட் வித்தியாசத்தில் எளிதாக ஜெயித்தது. அவர் அடித்ததால் அணி தோற்கவில்லை. அணி சரிந்ததால்தான் அவருக்கு அடிக்க நேரம் கிடைத்தது. எது காரணம், எது விளைவு என்று தெரியாமல் இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்து முடிவு கட்டக்கூடாது. கிரிக்கெட்டுக்கு வெளியிலும் பயன்படும் பாடம் இது.

3. அப்படியானால் கவலை வீணா?

வீண் இல்லை. பந்து குறைவாகக் கிடைத்ததால் ரன் குறைந்தது என்று 2023ஐப் பற்றிச் சொல்லலாம். 57 பந்தில் 104 ரன், அதாவது வேகம் 182. கிடைத்த சில பந்துகளில் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார். 2021இல் அந்தச் சமாதானம் செல்லாது. கிடைத்த 107 பந்துகளிலும் அவர் தடுமாறித்தான் இருக்கிறார். மொத்த ரன் இரண்டு ஆண்டுகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே இருக்கும் கதை முற்றிலும் வேறு.

2021இலேயே இதற்கு ஓர் அருமையான எடுத்துக்காட்டு உண்டு. அக்டோபர் 4ஆம் தேதி துபாயில் டெல்லிக்கு எதிராக தோனி 18 ரன் எடுத்தார். அதற்கு அவருக்கு 27 பந்துகள் தேவைப்பட்டன. சென்னையின் மொத்தம் 136. டெல்லி 3 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. சரியாக ஆறு நாள் கழித்து, அக்டோபர் 10ஆம் தேதி, அதே துபாய், அதே டெல்லி, இறுதியாட்டத்துக்குப் போகும் தகுதியாட்டம். ஜடேஜாவுக்கு முன்னதாகத் தானே இறங்கினார். ஆவேஷ் கான் பந்தில் ஒரு சிக்ஸர். கடைசி ஓவரில் 13 ரன் வேண்டும். டாம் கரன் பந்தில் மூன்று பவுண்டரி அடித்து ஆட்டத்தை முடித்தார். அன்றும் அவர் எடுத்தது அதே 18 ரன்தான். ஆனால் 6 பந்தில்!

ஸ்கோர் அட்டையில் இரண்டும் 18 என்றுதான் இருக்கும். ஒன்று அணியை இழுத்துப் பிடித்தது; மற்றது இறுதியாட்டத்துக்குக் கொண்டுபோயிற்று. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அந்த இரண்டாவது 18ஐப் பார்த்து, முதல் 18ஐப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் முட்டாள்கள் என்று சொல்வது நியாயமில்லை. அவர்கள் கண்டது உண்மை. ஒரு நல்ல நாள் ஒரு பருவத்தின் தடுமாற்றத்தை அழித்துவிடாது.

4. ரன் கணக்கில் வராத வேலை

தோனிக்கு அணியில் மூன்று வேலைகள்: மட்டை, கீப்பிங், தலைமை. முதல் வேலையில் குறை என்றால் மற்ற இரண்டையும் தராசில் வைக்க வேண்டும். அதையும் பக்தியோடு வைக்காமல் நியாயத்தோடு வைக்க வேண்டும்.

2021 இறுதியாட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இருபது ஓவர் ஆட்டங்களில் தலைவராக அது அவருக்கு 300ஆவது ஆட்டம். சென்னை 3 விக்கெட்டுக்கு 192. டு பிளெசி 86. தோனி மட்டை பிடிக்கும் தேவையே வரவில்லை. பிறகு கொல்கத்தா ஆடியபோது, தொடக்க ஆட்டக்காரர் வெங்கடேஷ் ஐயர் ரன் எதுவும் எடுக்காமல் இருந்த நேரத்தில் ஹேசல்வுட் பந்தில் கொடுத்த கேட்ச்சைக் கீப்பர் தோனி தவறவிட்டார். வெங்கடேஷ் அதைப் பயன்படுத்தி 50 எடுத்தார். கில்லும் அவரும் விக்கெட் இழப்பின்றி 91 ரன் சேர்த்துவிட்டார்கள். மட்டையும் இல்லை, கையும் நழுவிற்று. கவலைப்படுபவர்களுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

பதினோராவது ஓவரை ஷர்துல் தாக்கூரிடம் கொடுத்தார் தோனி. அந்த ஓவரில் இரண்டு விக்கெட் விழுந்தது. 91க்கு விக்கெட் இல்லை என்று இருந்த ஸ்கோர் 125க்கு 8 விக்கெட் என்று ஆயிற்று. 27 ரன்னில் வெற்றி. பந்து போட்டவர்களுக்கும் கேட்ச் பிடித்தவர்களுக்கும் உரிய பெருமையைத் தலைவரின் கணக்கில் எழுதிவிடக்கூடாது. ஆனால் கேட்ச்சைத் தவறவிட்ட ஆள் பதறாமல், அடுத்த ஓவரை யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்கும் மனநிலையில் இருந்தார் என்பதும் ஒரு வேலைதான்.

இன்னொரு வேலையைப் பார்க்க மீண்டும் வாங்கடேக்கு வர வேண்டும். 2021 ஏப்ரலில் புனேக்காரரான ருதுராஜ் கெய்க்வாட் முதல் மூன்று ஆட்டங்களில் எடுத்த ரன்கள் 5, 5, 10. அவரை நீக்குங்கள் என்று பேச்சு எழுந்தது. அணி நீக்கவில்லை. நான்காவது ஆட்டத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக 64 எடுத்தார். பருவத்தின் முடிவில் 635 ரன்னுடன் போட்டியிலேயே முதலிடம். தடுமாறும் இளைஞனைப் பொறுத்துக்கொண்ட அணி, தடுமாறும் மூத்தவரையும் பொறுத்துக்கொண்டது. அந்த இளைஞன் எடுத்த ரன்களே மூத்தவரின் குறையை மறைத்தன. பொறுமை என்பது ஒருவருக்கு மட்டும் காட்டும் சலுகையாக இல்லாமல் அணியின் பழக்கமாக இருந்தால், அது இப்படித்தான் திரும்பி வரும்.

போகிற போக்கில் நம்மவர்களுக்கு ஒரு சேதி. அந்த இறுதியாட்டத்தில் ஆடிய சென்னை அணியின் பதினொருவரில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் இல்லை. விக்கெட் எடுத்த ஷர்துல் நம் பக்கத்துப் பால்கர்க்காரர். எதிரே கொல்கத்தா அணியில்தான் தினேஷ் கார்த்திக்கும் வருண் சக்கரவர்த்தியும் இருந்தார்கள். 50 எடுத்த வெங்கடேஷ் ஐயரோ இந்தூரில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதன் சுவை புரியும்.

5. ஒரே குறை, இரண்டு தீர்ப்பு

அன்று எதிரணிக்குத் தலைமை தாங்கிய இங்கிலாந்தின் இயான் மார்கனின் கணக்கைப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். 2021இல் 17 ஆட்டங்களில் அவர் எடுத்தது 133 ரன். சராசரி 11. வேகம் 100க்கும் கீழே. தோனியைவிட மோசம். ஆனாலும் அவர் அணியும் ஜெயித்து ஜெயித்துத்தான் இறுதிக்கு வந்தது. ஆக, அன்று டாஸ் போட வந்த இருவருமே ஜெயிக்கும் அணிகளின் தடுமாறும் தலைவர்கள்.

ஒருவர் கோப்பையோடு போனார். அவரைப் பற்றிய கவலை ஒரே இரவில் மறைந்துவிட்டது. மற்றவரை அணி விடுவித்தது. 2022 ஏலத்தில் அவரை யாரும் வாங்கவில்லை. ஒரே வகைக் குறைக்கு, ஒரு மாலையின் முடிவை வைத்து இரண்டு தீர்ப்பு. முடிவை மட்டும் பார்த்து ஆளை எடை போடுவதில் உள்ள ஆபத்து இதுதான். மார்கன் இறுதியாட்டத்தில் 27 ரன்னில் தோற்காமல் ஜெயித்திருந்தாலும் அவருடைய சராசரி பெரிதாக மாறியிருக்காது.

6. பழைய உதாரணங்கள்

இந்தக் கேள்வி புதிதல்ல. இங்கிலாந்தின் மைக் பிரியர்லி 39 டெஸ்ட்கள் ஆடினார். சராசரி 22.88; ஒரு சதம்கூட இல்லை. மட்டைக்காக மட்டும் என்றால் அவருக்கு அத்தனை டெஸ்ட்கள் கிடைத்திருக்காது. ஆனால் தலைமை தாங்கிய 31 டெஸ்ட்களில் 18இல் வெற்றி, 4இல் மட்டுமே தோல்வி. 1981இல் இயான் போத்தம் தலைமைச் சுமையில் நொந்து, லார்ட்ஸ் டெஸ்டின் இரண்டு இன்னிங்ஸிலும் பூஜ்யம் எடுத்துப் பதவி விலகினார். பிரியர்லியைத் திரும்ப அழைத்தார்கள். அடுத்த டெஸ்டில், ஹெடிங்லியில், அதே போத்தம் 149 ரன் எடுத்து அவுட் ஆகாமல் நின்றார். பாலோ ஆன் வாங்கிய இங்கிலாந்து 18 ரன்னில் ஜெயித்தது. தலைமைக்குப் பொருத்தமானவர் ஒருவர், மட்டைக்குப் பொருத்தமானவர் ஒருவர் என்று வேலையைப் பிரித்ததும் இருவருமே பிழைத்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் மார்க் டெய்லர் கதை வேறு. 1996-97இல் அவர் அணி ஜெயித்துக்கொண்டிருந்தது. அவரோ 21 டெஸ்ட் இன்னிங்ஸ்களில் அரை சதம்கூட எடுக்கவில்லை. பத்திரிகைகள் அவரைப் போகச் சொல்லின. 1997 ஜூனில் எட்ஜ்பாஸ்டனில் 129 எடுத்தார். 1998இல் பெஷாவரில் 334 எடுத்து அவுட் ஆகாமல் இருந்தார். காத்திருந்தது வீண்போகவில்லை. ஆனால் காத்திருந்தும் வராதவர்களின் பட்டியல் நீளமானது. அவர்களை நாம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஆகவே டெய்லரைக் காட்டி "எல்லோரும் திரும்பி வருவார்கள்" என்று வாதாடக்கூடாது.

7. செம்பூர்க் கணக்கு

இனி நம் பேட்டைக்கு வருவோம். சூர்யகுமார் யாதவ் செம்பூர் அணுசக்தி நகரில் வளர்ந்தவர். தந்தை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பணிபுரிந்தவர். செம்பூர்த் தமிழர்களுக்கு அவர் அடுத்த வீட்டுப் பிள்ளை மாதிரி. 2024 ஜூலையில் இந்திய இருபது ஓவர் அணிக்கு முழுநேரத் தலைவரானார்.

2025ஆம் ஆண்டில் அவர் தலைமையில் இந்திய அணி வெற்றிமேல் வெற்றி பெற்றது. ஆசியக் கோப்பையில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல், செப்டம்பர் 28ஆம் தேதி துபாயில் பாகிஸ்தானை 5 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அந்த இறுதியாட்டத்தில் தலைவர் எடுத்தது 1 ரன். ஆண்டு முழுவதும் 21 சர்வதேச இருபது ஓவர் ஆட்டங்களில் 218 ரன், சராசரி 13.62. ஓர் அரை சதம்கூட இல்லை. அதே 2025இல், அதே ஆள், மும்பை இந்தியன்ஸுக்காக 16 ஆட்டங்களில் 717 ரன் குவித்திருக்கிறார்!

இங்கே தோனியின் உதாரணத்தை அப்படியே ஒட்டவைத்தால் கணக்குத் தவறும். தோனி பின்வரிசை, பந்து கிடைக்காமல் போகலாம். சூர்யகுமார் பெரும்பாலும் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ இறங்குபவர், பந்து கிடைக்கும். எனவே "பந்து கிடைக்கவில்லை" என்ற சமாதானம் அவருக்குப் பொருந்தாது. இன்னொரு பக்கம், கண்ணும் கையும் தளர்ந்துவிட்டன என்ற குற்றச்சாட்டும் பொருந்தாது. தளர்ந்தவரால் அதே ஆண்டில் 717 எடுக்க முடியுமா? ஆட்டம் தன்னிடமிருந்து போகவில்லை, ரன்தான் வரவில்லை என்ற பொருள்பட அவரே 2025 டிசம்பரில் சொன்னார். ரசிகர்கள் சிலர் சிரித்தார்கள். ஆனால் கணக்குத் தெரிந்தவர் அதை உடனே தள்ளிவிட மாட்டார். பதினைந்து இருபது இன்னிங்ஸ் என்பது சிறிய கணக்கு. அதில் அதிர்ஷ்டத்துக்கும் இடம் உண்டு. அதே சமயம் அது புறக்கணிக்கும் அளவுக்குச் சிறியதும் அல்ல. கவலைப்படலாம், தீர்ப்பு எழுத அவசரப்படக் கூடாது.

8. நான்கு கேள்விகள்

ஜெயிக்கும் அணியில் ஒருவர் தடுமாறும்போது, ரசிகர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் நான்கு.

ஒன்று, அவருக்கு எத்தனை பந்து கிடைத்தது?

இரண்டு, கிடைத்த பந்தில் அவருடைய இடத்துக்கு உரிய வேலையைச் செய்தாரா? (2021க்கும் 2023க்கும் உள்ள வித்தியாசம்.)

மூன்று, அவர் செய்யும் மற்ற வேலை என்ன? அதை அணியில் வேறு ஒருவர் செய்ய முடியுமா? 2022இல் சென்னை அணி இதைச் சோதித்துப் பார்த்தது. பருவம் தொடங்கும் முன் தோனி தலைமையை ஜடேஜாவிடம் கொடுத்தார். எட்டு ஆட்டங்களில் இரண்டில்தான் வெற்றி. ஜடேஜாவின் சொந்த ஆட்டமும் வாடிற்று. தலைமை தோனியிடம் திரும்பியது. ஆனால் மீதி ஆறு ஆட்டங்களிலும் வெற்றி இரண்டுதான். தலைவர் மாறியதால் மட்டும் அணி விழவும் இல்லை, திரும்பி வந்ததால் மட்டும் எழவும் இல்லை.

நான்கு, தம் நிலையை அவரே அறிந்திருக்கிறாரா? இதுதான் முக்கியமானது. 2023இல் முழங்கால் வலியோடு ஆடிய தோனி, தம்மால் நீண்ட நேரம் ஓட முடியாது என்பதை ஒப்புக்கொண்டு கீழே இறங்கி ஆடினார். முன்வரிசைப் பொறுப்பை ருதுராஜும் கான்வேயும் சுமந்தார்கள். இறுதியாட்டத்தில் தோனி முதல் பந்திலேயே அவுட். கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டியிருந்தபோது ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி அடித்து முடித்தார். அதற்குச் சில நாள் கழித்து மும்பையில் தோனிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டு. முன்வரிசை வலுவாக இருக்கும் வரைதான் அது பலிக்கும். 2025 மார்ச் 28ஆம் தேதி சேப்பாக்கத்தில் பெங்களூரு அணிக்கு எதிராக தோனி ஒன்பதாவதாக இறங்கி 16 பந்தில் 30 எடுத்தார். வேகம் பிரமாதம். ஆனால் அதற்குள் ஆட்டம் கைவிட்டுப் போயிருந்தது. 50 ரன்னில் தோல்வி. அந்த ஆண்டு சென்னை அணி வரலாற்றில் முதல் முறையாகக் கடைசி இடம் பெற்றது. 2021இல் வெற்றி மறைத்த கேள்வியை 2025இல் தோல்வி உரக்கக் கேட்டது.

9. முடிவாக

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். "அதான் ஜெயிக்கிறோமே" என்பவர் தவறு செய்கிறார். வெற்றி குறையை நீக்குவதில்லை, சுமக்க ஆள் இருப்பதைத்தான் காட்டுகிறது. "இவரைச் சுமக்கிறோம்" என்பவரும் பாதிதான் சொல்கிறார்; சுமக்கப்படுபவர் வேறொரு சுமையைத் தூக்கிக்கொண்டிருக்கலாம். இருவரும் உட்கார்ந்து நான்கு கேள்விகளையும் கேட்டால் சண்டை பாதியாகக் குறையும். ஜெயிக்கும் காலத்தில் கேட்பதே நல்லது. அப்போதுதான் ஒருவரை அவமானப்படுத்தாமல் இடம் மாற்றி உட்காரவைக்க முடியும். தோற்ற பிறகு கேட்டால் அது பழி போடுவதாகத்தான் முடியும்.

திருக்குறளில் "தெரிந்து தெளிதல்" என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஒருவரிடம் உள்ள நிறையையும் குறையையும் இரண்டையும் பார்த்து, எது மிகுதியோ அதைக் கொண்டு அவரைக் கருத வேண்டும் என்பது அதன் சாரம். நிறையை மட்டும் பார்ப்பவர் பக்தர். குறையை மட்டும் பார்ப்பவர் பகைவர். இரண்டையும் பார்ப்பவர்தான் ரசிகர்.

இது மைதானத்தோடு நிற்பதல்ல. நம் சங்கங்களிலும், கோயில் விழாக் குழுக்களிலும், ஏன், வீடுகளிலும்கூட முன்பு போல் ஓடியாட முடியாத மூத்தவர்கள் இருக்கிறார்கள். காரியம் நன்றாக நடக்கிற வரையில் நாம் பேசாமல் இருக்கிறோம். ஒருநாள் கெட்டுப்போனால் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுகிறோம். அதைவிட, காரியம் நன்றாக நடக்கும்போதே, "ஐயா, ஓட்டத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் பின்னால் நின்று பீல்டிங்கைச் சரிபாருங்கள்" என்று மரியாதையோடு சொல்லிப் பார்க்கலாம். கீப்பர் நிற்கும் இடத்திலிருந்துதான் மைதானம் முழுவதும் தெரியும்.

பயிற்சி (மாணவர்களுக்கு)

1. மேலே உள்ள ஆறு ஆண்டுகளுக்கும் தோனியின் வேகத்தைக் கணக்கிடுக. (ரன்னை 100ஆல் பெருக்கிப் பந்துகளால் வகுக்கவும்.) எந்த ஆண்டு மிகக் குறைவு? அந்த ஆண்டு அணி பெற்ற இடம் என்ன?

2. 2018, 2021, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சென்னை 16 ஆட்டங்கள் ஆடிற்று, மூன்றிலும் சாம்பியன். ஆட்டம் ஒன்றுக்குத் தோனி சந்தித்த பந்துகள் எத்தனை? வித்தியாசத்துக்கு இரண்டு காரணங்கள் எழுதுக.

3. மார்கன் 133 ரன்னுக்கு 139 பந்துகள் ஆடினார். அவர் வேகத்தைக் கண்டுபிடித்துத் தோனியின் 2021 வேகத்தோடு ஒப்பிடுக. இறுதியாட்டத்தின் முடிவு தெரியாது என்று வைத்துக்கொண்டு இருவரைப் பற்றியும் உங்கள் கருத்தைச் சொல்க.

4. உங்கள் பள்ளி அணியிலோ கட்டட அணியிலோ நன்றாக ஆடிவந்த ஒருவர் இப்போது தடுமாறுகிறாரா? நான்கு கேள்விகளையும் அவருக்குப் பொருத்திப் பாருங்கள். விடையை அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா என்றும் யோசியுங்கள். சொல்ல முடியாத விடை என்றால், ஒரு முறை கணக்கைச் சரிபார்த்துவிடுங்கள்.